ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் நமச்சிவாயத்துக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, குழந்தை பார்க்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்களாம். அந்த மூன்றாவது பெண்தான் அம்சவேணி. பத்து வயதிலேயே அப்பாவின் தறியில் சேலைக் கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளினாள். சேலை முடிந்து கடைக்குப் போனால் 'நமச்சிவாயம் நெய்தது' என்பார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. தனக்கென்று ஒன்று வேண்டும் என்கிற நினைப்பே அந்தப் பெண்ணுக்கு வந்ததில்லை, பாவி மகளுக்கு.

கழுத்தை நீட்டியது ஜெயக்குமாருக்கு. துபாயிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை என்றதும் சொந்தபந்தம் தங்கத்தை எதிர்பார்த்தது. அவனோ ஒரு நீளப் பலகையையும் ஒரு பழைய படகுப் பாயையும் கொண்டுவந்து இறக்கினான். பலகைமேல் நின்று, பாயைக் கையில் பிடித்து, காற்றடிக்கிற வேகத்தில் தண்ணீர்மேல் பறக்கிற விளையாட்டாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பைக் சாமான் கடை வைத்தவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாலாஜாபாத் தாண்டியிருக்கும் பெரிய ஏரிக்கு ஓடிவிடுவான். அங்கே அவனைப் போல ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கிளப் ஆனது. ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்தும் ராஜகோபால்தான் தலைவர்.

அவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதில்லை. கடிகாரத்தோடுதான் போட்டி. கையில் கட்டினால் எந்த வேகத்தில் போனோம் என்று அது சொல்லும். கரைக்கு வந்ததும் போனில் ஏற்றினால் கிளப்புக்கே தெரியும். கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா, ஒரு பெயர். சோறு கட்டிக்கொண்டு வந்த அம்சவேணி ஒருநாள் விளையாட்டாகப் பலகையில் ஏறி நின்றாள். பிறகு இறங்கவேயில்லை. ஆனாலும் அவள் ஓடினதெல்லாம் ஜெயக்குமார் பெயரில்தான் ஏறியது. பலத்த காற்றில் கணவன் எடுக்கும் வேகமே உச்சம் என்பதால், அவளுடையது அடியில் கிடந்து ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வருஷத்திலேயே அதிக வேகம் போனவரை ராமநாதபுரம் கடற்கரையில் கூடும் கிளப்புகளின் சந்திப்புக்கு அனுப்புவார்கள். அங்கே மைக்கில் பெயரைப் படிப்பார்கள். அந்த மைக்கில் 'அம்சவேணி' என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"நீயா? காத்து அடிச்சா நீயே பறந்து பூடுவே. இதுக்கு உடம்பு கனம் வேணும்மா" என்று சிரித்தான் ஜெயக்குமார்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. பலத்த காற்றில் பாயை அமுக்கிப் பிடிக்க எடை வேண்டும். அவளோ ஈர்க்குச்சி. யோசித்து யோசித்து, கெட்டித்துணியில் பை பையாகத் தைத்து, பாலாற்று மணலை அடைத்து ஒரு சட்டை செய்தாள். அதன்மேல் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆடி மாதத்து ஞாயிறு அது. மேற்கே வானம் கறுத்ததும் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கரையில் ஜெயக்குமாரும் அவளும் மட்டும். கடிகாரத்தை அவனிடமிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு, கருவேல மரங்களை ஒட்டி அலையில்லாமல் கிடந்த தண்ணீரில் இறங்கினாள். காற்று வந்தது. பாய் அவளைப் பிடுங்கப் பார்த்தது. மணல் விடவில்லை. பலகை தண்ணீரைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணில் நீர் பறக்க, தன்னை மறந்து அவள் கத்திக்கொண்டே போனாள்.

கரைக்கு வந்து கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். ஜெயக்குமார் அதையே வெகுநேரம் பார்த்தான். "பரவால்லையே" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கிளப்பின் வாட்ஸப் குழுவில் வாழ்த்து குவிந்தது. ஜெயக்குமார், மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். இதுவரை அந்த ஏரி பார்க்காத வேகம்.

"ஏங்க, அது நான்தான்னு சொல்லலியா?"

"சொன்னா நம்புவாங்களா? வுடு அம்சா. நீ வேற நான் வேறயா?"

அவள் விடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக விடவில்லை. அடுத்த ஞாயிறு மணல் சட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் போய் நின்று சொன்னாள். எல்லாரும் ஜெயக்குமாரைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். கட்டின பெண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டதை ஊரார் முன்னால் பொறுத்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

பிரேம்நாத் என்கிற பையன் மணல் சட்டையை மாட்டிக்கொண்டு கர்ப்பிணி போல நடந்து காட்டினான். "அக்கா, இத்த போட்டுக்கினு ஏரிக்கு அடியிலதான் ரெக்கார்டு போட முடியும்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயக்குமாரும் சிரித்தான்.

"இன்னிக்கே ஓடறேன் சார். அவரும் ஓடட்டும்" என்றாள் ராஜகோபாலிடம்.

அன்றைக்குக் காற்று பூனைபோல நடந்தது. இருந்தும் இருவரும் ஓடினார்கள். ஜெயக்குமாரின் பலகை சேற்றில் மாட்டின எருமையாய் நகர, மணல் சட்டையைக் கரையில் விட்டுவிட்ட அம்சவேணி அவனைத் தாண்டிப் போனாள். மூன்று தடவை ஓடியும் மூன்று தடவையும் அவள்தான் முந்தினாள்.

மூச்சு வாங்க வந்து நின்றாள். ராஜகோபால் தொண்டையைச் செருமினார்.

"மெல்லக் காத்துல எடை கம்மியா இருக்கறவங்கதாம்மா முந்துவாங்க. இது இயற்கை. இதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப பலத்த காத்துல சார்?"

"அதுல எடை உள்ளவங்கதான். அதனாலதான் அந்த நாற்பத்தெட்டு உன்னுதா இருக்க முடியாதுன்றோம்."

"மெல்லக் காத்துல ஜெயிச்சா ஒண்ணுமில்ல. பலத்த காத்துல ஜெயிச்சா நான் இல்ல. நான் எப்பதான் சார் ஜெயிக்கறது?"

"மதியம் ஆச்சு, சோத்த எடும்மா" என்றான் ஜெயக்குமார். அவள் எடுத்தாள். பாய் பிடித்த கைகளே எல்லாருக்கும் பரிமாறின.

வீட்டுக்கு வந்தபோது மகள் அனு வாசலிலேயே காத்திருந்தாள். அப்பாவின் வேகத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்த குழந்தை. முகம் வாடியிருந்தது.

"அம்மா, பிரேம் அண்ணன் தங்கச்சி போன்ல சொன்னா. அப்பா ரெக்கார்ட நீ உன்னுதுன்னு சண்ட போட்டியாமே. நெஜமாவா?"

அம்சவேணி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பாயை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பயம் இருந்தது. ஒரு வார்த்தை அவன் சொல்லலாம். கிளப்புக்கு வேண்டாம், ராமநாதபுரத்துக்கு வேண்டாம், பெற்ற பிள்ளைக்கு மட்டும் சொல்லலாம். அதற்காக அவள் காத்திருந்தாள். குழந்தையும் அவனைத்தான் பார்த்தது.

"அம்மா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னாம்மா" என்றான் ஜெயக்குமார்.

"அப்ப பொய்யாம்மா?"

உண்மையைச் சொன்னால் அந்தப் பிஞ்சு இனி அப்பாவைத் திருடனாகப் பார்க்கும்.

"ஆமாம்மா. பொய்தான்."

அனு அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா அப்பா மேல உனக்குப் பொறாம?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

ஜெயக்குமார் மகளின் தலையைத் தடவினான். நிம்மதியில் குரல்கூடக் கனிந்திருந்தது.

"ராமநாதபுரத்துக்கு நீயும் வாயேன் அம்சா. பாய் கட்ட ஆள் வேணும்."