பதினஞ்சாவது நாள்

பழைய புத்தகங்களை நாலு பெட்டியில் கட்டிக்கொண்டு, பல்லேகலப் பக்கம் இருக்கும் சிறைக்குப் போயிருந்தேன். கண்டியில் நூலகம் ஒன்றில் வேலை எனக்கு. அன்றைக்கென்று பார்த்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அங்கே கைதிகளின் உடுப்பும் வெள்ளைதான்.

சிறை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவரும் ஒரு கைதியே. ஹேவாஹெட்ட ஊர்க்காரர், ஒல்லி, கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல். என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்:

"தீர்ப்பு என்னைக்குச் சொன்னாங்க?"

"நான் புத்தகம் கொண்டாந்தவன்ங்க."

"மன்னிச்சுக்குங்க. வெள்ளையப் பார்த்தா வாய் தானா கேட்டுருது."

யார் புதிதாக வந்தாலும் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்பாராம். தீர்ப்புச் சொன்னதிலிருந்து மேன்முறையீடு செய்யப் பதினாலு நாள்தான் தவணை; பலருக்கு அது தெரியாது. அவருடைய சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் கைபட்டுக் கறுத்திருந்தது.

"உங்க மேன்முறையீடு என்னாச்சு?" என்றேன்.

"நான் இந்தப் புத்தகத்தத் தொறந்ததே பதினஞ்சாவது நாளுங்க," என்று சிரித்தார்.

அப்போது புதிய கைதி ஒருவர் வாசலில் வந்து தயங்கி நின்றார். இவர் எழுந்துவிட்டார்.

"தீர்ப்பு என்னைக்கு?"

"நேத்து."

இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணச் சேதி கேட்டவர்போல, "இன்னும் பதிமூணு நாள் இருக்கு, உட்காருங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

பெட்டிகளை நானே பிரித்து அடுக்கினேன். நான் கிளம்பியதை அவர் கவனிக்கவே இல்லை. தீர்ப்பே இல்லாத ஆளிடம் அவருக்கு என்ன வேலை?