சுவரைப் பார்த்து நின்று வாங்கிய பான்ஜோ

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டு வந்தோம். ஒரு மழைக்காலத்தில் தங்கிய அமெரிக்கக்காரர் தினமும் சாயங்காலம் பான்ஜோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்தார். அவர்கள் ஊர் மலைப்பாட்டாம். ப்ளூகிராஸ் என்று பெயர். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலச் சடசடவென்று வரும். ஆனாலும் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். அவர் ஊருக்குக் கிளம்பிப் போனார். என் வீட்டுக்காரருக்குப் பிடித்த பைத்தியம் மட்டும் கிளம்பவில்லை.

ஓய்வு பெறும்வரை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் அவர். அதுவரை வாசித்த ஒரே வாத்தியம் ஹாரன்.

ஒரு பான்ஜோ வாங்க முதலில் சேலத்துக்குப் போனோம். கடைக்காரர் வரிசையாகப் பொத்தான் வைத்த ஒரு நீளப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"நம்ம பக்கம் பான்ஜோன்னா இதானுங்க."

"இது இல்லீங்க. வட்டமா இருக்கும், தோல் கட்டியிருக்கும்."

"அப்ப தபேலாங்களா?"

"கம்பி இருக்குங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அதன்பிறகு செல்போனில் வீடியோ பார்த்தே என் வீட்டுக்காரர் பண்டிதராகிவிட்டார். நான் மாவு அரைக்கும்போது பக்கத்தில் நின்று பாடம் நடத்துவார்.

"அஞ்சு கம்பி இருக்கோணும். அஞ்சாவது குட்டை, கழுத்துல பாதியிலயே நின்னுரும். பின்னாடி மரத்துல மூடியிருக்கோணும், அப்பத்தான் சத்தம் முன்னாடி பாயும். தோலுக்கு அடியில கனமா ஒரு பித்தளை வளையம்."

"மாவு பொங்கறதுக்கு ஏதாச்சும் வளையம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் அடுத்த வீடியோவைப் போட்டார்.

பெங்களூரில் பெரிய கடை ஒன்றில் நிஜமான பான்ஜோக்கள் இருந்தன. உள்ளே போனதும் பாடம் முழுவதும் அவருக்கு மறந்துபோயிற்று. கழுத்தெல்லாம் சிப்பியில் கொடியும் பூவும் பதித்த ஒன்றைத் தூக்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"ஏனுங்க, பின்பக்கம் தொறந்து கெடக்குதுங்களே?"

"நொம்ப அழகா இருக்குது பாரு."

கடையில் வாசித்துக் காட்டும் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவளிடம் சொன்னேன்: "நாங்க ரெண்டு பேரும் சுவத்தப் பாத்து நிக்கறோம். பூப்போட்டதையும், பின்னாடி மூடியிருக்கற அந்த மொட்டையானதையும் மாத்தி மாத்தி வாசிங்க கண்ணு."

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி நின்றோம். முதலில் வந்த சத்தம் மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ பாடுவதுபோல இருந்தது. அடுத்தது சுவரில் பட்டுத் தெறித்தது. அந்த மழைக்காலச் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை தூக்கினோம். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

திரும்பினால் அவள் மடியில் இருந்தது மொட்டை. அவர் முகம் தொங்கிவிட்டது.

"இன்னொருக்கா வாசிங்கம்மா. மாறியிருக்கும்."

மாறவில்லை. அதையே வாங்கினோம். அடிவாரத்திலிருந்து மேலே வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் டிரைவரைத் திட்டினார்.

மாதக்கணக்கில் ஒரே நாலு சத்தத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். எஸ்டேட்டில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நிறுத்தச் சொல்லீராதீங்க. இப்பெல்லாம் காட்டெருமை எங்க ஊட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்லீங்க" என்றாள்.

வந்து சொன்னேன். பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாக வாசித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு பாட்டு முதலிலிருந்து முடிவுவரை நிற்காமல் வந்தது. மெதுவாகத்தான், கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற பஸ் மாதிரி. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இன்னொருக்கா வாசிங்க."

"நெசமாவா கேக்கற?"

நெசமாகத்தான் கேட்டேன்.