இடது பக்கப் பெஞ்சு

லோவெல் கெஸிங்கரின் கழுத்து இடது பக்கம் திரும்பாமல் போய் ஒரு மாதமாகியிருந்தது. வேறு யாருக்காவது என்றால் அது வெறும் கழுத்துவலி. லோவெல் மாட்டு ஏலம் விடுபவர். வட மிசௌரியின் அந்தத் தகரக் கொட்டகையில், மேடையில் மைக்கோடு உட்கார்ந்து, பாதி ஆயுசுக்குச் சனிக்கிழமைதோறும் கன்றுகளை விற்றுக் கொடுத்தவர். அங்கே யாரும் கையைத் தூக்கி ஏலம் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் தொப்பி விளிம்பைத் தொடுவார்கள். முழங்காலில் கிடக்கும் விரல் ஒன்று லேசாக உயரும். அதைப் பார்த்துவிடுவதுதான் லோவெலின் பிழைப்பு.

போன சனிக்கிழமை, இடது பக்கப் பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்திருந்த ஆர்வல் டீக்மனின் விரலை அவர் பார்க்கவில்லை. ஆர்வல் கண்வைத்திருந்த கன்றுகள் வேறொருவருக்குப் போய்விட்டன. வேண்டுமென்றே தன்னை ஒதுக்கினார் என்று நினைத்தாரோ என்னவோ, ஆர்வல் கொட்டகை ஓட்டலில் வழக்கமான ஆப்பிள் பை கூடச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

கொட்டகை முதலாளி கிளென்டா மேடைக்கே வந்தாள். "லோவெல், வர்ற சனிக்கிழமையும் நீ அந்தப் பக்கத்தப் பாக்காம விட்டேன்னா, மைக்க டாரல்கிட்ட குடுத்துருவேன். மனசுல வச்சுக்காத."

ஏலம் விடப் பழகிக்கொண்டிருந்த டாரல் நல்ல பையன்தான். அதுதான் லோவெலுக்குப் பயம்.

மனைவி ட்வைலா, டாக்டர் பிரூவிட் அம்மாவிடம் நேரம் வாங்கினாள். அந்த ஊர்ப்பக்கம், காய்ச்சலுக்கு மாத்திரை எழுதும் டாக்டரே முதுகையும் கழுத்தையும் கையால் பிடித்துச் சரிசெய்வது ஒன்றும் அதிசயமில்லை. லோவெலின் அப்பா அப்படிப்பட்ட டாக்டர்களைச் சத்தத்தை வைத்தே எடைபோடுவார்: எலும்பில் படக்கென்று சத்தம் கேட்டால் நல்ல டாக்டர்.

டாக்டர் பிரூவிட் முதலில் கேள்விகள்தான் கேட்டார். கை மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா, எங்காவது விழுந்தீர்களா. பனிக்காலத்தில் மாடு ஏற்றும் டிரெய்லர் வண்டியின் படியில் வழுக்கி விலா அடிபட்டதை லோவெல் சொன்னார். அதற்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தோன்றியது. பிறகு நிற்கவைத்து, குனியவைத்து, படுக்கவைத்தார். லோவெல் பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தைத் தயாராக வைத்திருந்தார். டாக்டரின் கை விலாவில் வந்து உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது.

"டாக்டர், வலி கழுத்துல."

"தெரியுது."

"நீங்க விலாவப் புடிச்சிருக்கீங்க."

"அதுவும் தெரியுது. மூச்ச இழுங்க. இப்ப மெதுவா என் கைக்கு எதிரா தள்ளுங்க. மெதுவா! கன்னுக்குட்டிய லாரில ஏத்தற மாதிரி வேணாம்."

கடைசியாகத்தான் கழுத்துக்கு வந்தார். அதுவும் தலையின் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததுபோலத்தான் இருந்தது.

"கழுத்துல எப்ப படக்குன்னு சொடக்கு எடுப்பீங்க?"

"இன்னைக்கு அது வேணாம். முடிஞ்சிருச்சு, எழுந்திரிங்க."

லோவெல் விழித்தார். "சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"சொல்ல முடியாது. சிலருக்கு ஒரே தடவைல இலகுவாகும், சிலருக்கு நாலஞ்சு தடவ வரணும். ரெண்டு நாளைக்கு உடம்பு வலிக்கலாம், பாரம் தூக்காதீங்க. கை மரத்தாலோ தலை சுத்துனாலோ உடனே கூப்பிடுங்க."

சொல்ல முடியாதாம். நொண்டிக் கன்றைப் பற்றிக்கூட லோவெல் மைக்கில் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் விலாவும் முதுகும் அடித்துப்போட்டதுபோல வலித்தன.

"நல்லாருக்கா?" என்றாள் ட்வைலா.

"தெரியல."

"மோசமாயிருச்சா?"

"தெரியல."

"கழுத்து உன்னுதுதானே?"

அதுவே சந்தேகமாக இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை ஆர்வல் தன் இடத்தில் இருந்தார், முகம் கல்லாக. கறுப்புக் கன்றுகள் உள்ளே வந்தன. லோவெலின் வாய் தன்பாட்டுக்கு விலையை உருட்டியது. மனசு முழுக்க இடது பெஞ்சில். விரல் உயர்ந்ததா? உயர்ந்தது. பார்த்துவிட்டார். மறுபடியும் உயர்ந்தது, மறுபடியும் பார்த்தார். கன்றுகள் ஆர்வலுக்கு.

ஏலம் முடிந்து ஆர்வல் ஓட்டலில் ஆப்பிள் பையும் அதன்மேல் ஐஸ்கிரீமும் கேட்டு வாங்கினார். கிளென்டா மைக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வழக்கம்போல மேடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து விற்பனைக் கணக்கை எழுதிய ட்வைலா வெளியே வந்ததும் சொன்னாள்: "நீ கழுத்தத் திருப்பவே இல்ல. இடுப்புலேர்ந்து மொத்தமா திரும்புன."

"நானா?"

"இந்த ஒரு மாசமா இடுப்பும் அசையாம மரக்கட்ட மாதிரி உட்கார்ந்திருந்தே."

லோவெல் டிரக் அருகில் நின்று கழுத்தை மட்டும் இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். முன்னைவிடக் கொஞ்சம் போனதோ? பழைய இடத்திலேயே பிடித்ததோ? அப்படியானால் அந்த டாக்டரம்மா எதைச் சரிசெய்தார்?

"அடுத்த வாரமும் போறியா?"

"போறேன்," என்றார், விலாவைத் தடவிக்கொண்டே. "எதுக்குன்னு மட்டும் கேக்காத."