குழம்பு ஊற்றுவேன், மாத்திரை தர மாட்டேன்

எங்கள் பீங்கான் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். யார் டப்பா திறந்தாலும் எல்லோருக்கும் உண்டு. தலைவலி மாத்திரைகூட அப்படித்தான் கை மாறும்.

இன்று மதியம் நான் மாத்திரை எடுத்ததைச் செல்வி அக்கா பார்த்துவிட்டார்.

"அது என்னா மாத்திர?"

"சாப்பாட்டுக் கொழுப்பு உடம்புல சேராம தடுக்கும்க்கா. எடை குறைய டாக்டரு எழுதிக் குடுத்தாங்க."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடு. பயப்படாம வடை திங்கலாம்."

"தர மாட்டேங்க்கா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"ஒரு மாத்திரைக்கு இவ்ளோ கஞ்சமா? தான் மட்டும் இளைக்கணும்னு நெனப்பு" என்றார் அக்கா.

"நீங்க தைராய்டு மாத்திர சாப்புடுறீங்க. அதோட வேலைய இது கெடுத்துரும், டாக்டரக் கேக்காம தொடக்கூடாது. இதப் போட்டுக்கிட்டு வடையும் தின்னா, அந்த எண்ணெ உள்ள தங்காதுக்கா. எப்ப வெளிய வரும்னு உங்களக் கேக்கவும் கேக்காது. நமக்கு இருக்குறது ஒரே பாத்ரூமு, அதுவும் சூளைக்கு அந்தாண்ட."

அக்கா வடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வடையை மட்டும் தின்றார்.

சாயந்திரம் வரை எனக்குக் கஞ்சப்பிசினாறி என்றுதான் பெயர். இருக்கட்டும். நாளைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுபோகிறேன், கேட்பவர்களுக்கெல்லாம் ஊற்றுவேன். மாத்திரை அட்டை என் பையில்தான் இருக்கும். வேண்டுமென்றால் டாக்டரிடம் போகட்டும்.

உங்கள் வேலையிடத்தில் மாத்திரைக்குப் பங்கு கேட்பவர் யார்? என்னைத் திட்ட வருபவர்களும் வரலாம், குழம்பு இருக்கிறது.