சிவலையிடம் கேட்டது

பிள்ளையள், நேற்று நீங்கள் இருவரும் கோபம் போட்டுக்கொண்டு ஒரே பாயில் இருந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். "அம்மா, அண்ணாவைச் சொதியை இஞ்சால தள்ளச் சொல்லுங்கோ" என்றாள் சின்னவள். அண்ணா பக்கத்தில்தான் இருந்தான். அம்மாவோ குசினியில், அடுப்படியில் நின்றா. எனக்கு என் பெரியப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த காலம். அப்பாவின் வயலுக்கும் பெரியப்பாவின் வயலுக்கும் இடையில் ஒரு வரம்புதான். வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று தொடங்கிய வாய்த்தர்க்கம், ஒரு போகம் முழுக்க இருவருக்கும் பேச்சில்லாமல் ஆக்கிவிட்டது.

ஒருநாள் காலை பெரியப்பா எங்கள் வேலிப் படலையைத் திறந்து வந்தார். அவருடைய சோடி உழவுமாட்டில் ஒன்றுக்குக் கால் நொண்டி; மற்றது, கறுப்பன், தனியாக நின்றது. மழை பெய்து வயல் பதமாகக் கிடந்தது. அந்தக் கிழமைக்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் அவர் வீட்டில் நெல் இல்லை. எங்கள் உழவு முடிந்து சிவலை எருது சும்மா நின்றது. ஆனால் தம்பியிடம் வாய்விட்டுக் கேட்பது எப்படி?

அப்பா மாட்டுக்கொட்டிலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கொஞ்சம் தள்ளிக் குந்தினார். நான் நடுவில்.

"தம்பி, கொப்பருக்கு உழவு முடிஞ்சுதாமோ?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

"அப்பா, உழவு முடிஞ்சுதாமோ?"

"முடிஞ்சுது எண்டு சொல்லு. அவருக்கு மோர் வேணுமோ எண்டும் கேள்."

"வேண்டாம் எண்டு சொல்லு" என்றார் பெரியப்பா.

எனக்கு அலுத்துவிட்டது. "உங்களுக்கு ரெண்டு பேருக்கும் காது கேக்கும்தானே" என்று சொல்லிவிட்டு, வேலிக்கரைக்கு ஓணான் பார்க்கப் போய்விட்டேன்.

குசினி வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஓணானே ஓடியிருக்கும். பெரியப்பா எழும்பினார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிவலையிடம் போய் அதன் கழுத்தைத் தடவினார்.

"என்னடா, தின்னுறதும் படுக்கிறதும்தான் போல. என்ர கறுப்பனோட சோடியா வந்து நிப்பியோ?"

சிவலை அசைபோட்டது. அப்பா கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே மாட்டுக்குச் சொன்னார்: "போயிட்டு வாவன். வலப்பக்கம் கட்டினாத்தான் நீ நடப்பாய் எண்டு அவருக்குத் தெரியுமோ, என்னவோ."

"நீ கண்டுக்குட்டியா நிக்கேக்கை உன்னைப் பிடிச்சுக்கொண்டு வந்து இஞ்ச விட்டது ஆர்? எனக்குத் தெரியாதோ" என்றார் பெரியப்பா, அதுவும் மாட்டுக்கே.

அம்மா மோர் கொண்டுவந்தா. பெரியப்பா மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

காது கேட்காமலா அவர்கள் என்னை நடுவில் வைத்திருந்தார்கள் என்று நான் அன்று யோசிக்கவில்லை. சிவலைதான் கெட்டிக்காரன், அது சொன்னால் அப்பா கேட்பார் என்று நம்பிவிட்டேன். உழவு முடிந்து அது திரும்பி வந்த பின்னேரம், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டிலுக்குப் போனேன். ஒரு பிடி புல்லை நீட்டி, என்னை மல்லாவியில் மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி அப்பாவிடம் கேட்கச் சொல்லி, அதன் காதுக்குள் மெல்லச் சொல்லிவிட்டு வந்தேன்.