இரண்டாம் ஓலைக்குப் பிறகு

ராஜகோபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது ரெஜினா அழைத்தாள். "டீச்சர், அப்பா காலைல தவறிட்டாங்க. மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். நம் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு நடத்திய இருதயராஜ் சாரின் ஒரே மகள் அவள். உங்களில் பலருக்கு அன்று நான்தான் போன் செய்தேன். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ரெஜினாவின் கல்யாணம் நின்றுபோனது உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். முழுதாகச் சொன்னால்தான் சார் எப்படிப்பட்டவர் என்று புரியும்.

அவர்கள் கத்தோலிக்க வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயில் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று. ரெஜினாவுக்கு மண்ணச்சநல்லூர் மாப்பிள்ளை. முதல் ஓலை வாசித்த மறுநாள், ஸ்டாஃப் ரூமில் சார் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா தயங்குறா டீச்சர். 'நல்லவருதான்ப்பா, ஆனா நாலு தடவைதான் பேசியிருக்கேன், ஆயுசுக்கும்னு சொல்ல வாய் வரல'ங்கறா."

"எல்லாருக்கும் வர்ற பயந்தான் சார். தாலி ஏறினா சரியாயிடும். எங்க வீட்டுக்காரர் முகத்தையே நான் மணையிலதான் பாத்தேன். முப்பது வருஷம் ஓடலையா?"

"ஓடுச்சு. நீங்க ஓட்டினீங்களா, அதுவா ஓடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு போனேன்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சார் சாமியாரைப் போய்ப் பார்த்தார். "தடை இருக்கு ஃபாதர். பொண்ணுக்கு இன்னும் மனசு வரல" என்று சொல்லிவிட்டார். பெற்ற தகப்பனே தடை சொல்லி அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. அவர் மனைவி மேரி அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஏன் சார் இப்படி என்று கேட்டேன். "சின்ன வயசுலேர்ந்து அந்த ஓலையைக் கேக்கறேன் டீச்சர். அது பதில் சொல்ல வேண்டிய கேள்வின்னு இப்பத்தான் தோணுச்சு" என்றார்.

போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்று மண்ணச்சநல்லூருக்கு பஸ் ஏறிப் போனார். "நம்ம காலத்துல பொண்ணைக் கேட்டா கட்டினோம்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கோபப்பட்டாராம். "கேக்கலைங்க. கேட்டிருக்கணும்" என்று இவர் கைகூப்பினாராம். பஸ் ஏற்றிவிட வந்த மாப்பிள்ளைப் பையன், "எனக்கும் அவங்களைச் சரியாத் தெரியாதுங்க சார். வீட்ல சொல்லத் தைரியம் வரல" என்றானாம்.

ரெஜினாவும் அவனும் எட்டு மாதம் பேசிப் பழகினார்கள். பிறகு வேண்டாம் என்று சேர்ந்தே முடிவு செய்தார்கள். எல்லாம் கூடி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சாருக்கு அந்தப் பையனை அவ்வளவு பிடித்திருந்தது. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டபோது, "இருக்கு டீச்சர். ஆனா அது என் வருத்தம். அவ தலையில ஏத்தக் கூடாது" என்றார். ரெஜினா இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போது என்று அவர் கடைசிவரை கேட்கவுமில்லை.

அடக்கத்தன்று மேரி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் நின்ன வாரம் எங்கிட்ட கேட்டாரு டீச்சர், 'நம்ம கல்யாணத்தப்ப உன்னை யாராச்சும் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப'ன்னு. கோவத்துல, யோசிச்சு சொல்றேன்னுட்டேன். அப்புறம் அவரும் கேக்கல. சரின்னுதான் சொல்லியிருப்பேன். சொல்லாமயே விட்டுட்டேன்."

பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு நாலு ஆண்டுகளாக ஒருவரைத் தெரியும். கல்யாணம் பற்றி இன்னும் யோசிக்கிறாள். நான் அவளை அவசரப்படுத்துவதில்லை. சாரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பொறுமை அது. மேரி அம்மா சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். அன்று வீடு திரும்பியதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "அன்னிக்கு என்னைக் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "என்னையுந்தான் யாரும் கேக்கல" என்றார்.

நான் கேட்டேன்.