பத்துச் சொல்லில் ஐந்து

என் பிழைப்பைக் கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் யாருக்கும் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததில்லை. ரக்பி என்றால், "ஹெல்மெட் வெச்சு ஆடுற ஆட்டமா?" என்பார்கள். ஹெல்மெட் கிடையாது என்றால் சிரிப்பார்கள். எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து, எதிரே அதேபோல் குனிந்து நிற்கும் எட்டுப் பேரைத் தள்ளவேண்டும். அதில் முன்வரிசை ஆள் நான். அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அப்பா கடைசிவரை நம்பவில்லை. "தள்ளுறதுக்கா சம்பளம்? நம்ம பஜார்ல கைவண்டிக்காரன் தினம் தள்ளுறானே" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

கொழும்பில் ஒரு கிளப் ஒப்பந்தம் போட்டு என்னை அழைத்துக்கொண்டது. நான்கு சீசன் ஆடினேன். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் பிசியோ எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரு பரீட்சை வைப்பார். பத்து ஆங்கிலச் சொற்களை வாசிப்பார், திரும்பச் சொல்லவேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து தலைகீழாகச் சொல்லவேண்டும். ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். மதிப்பெண்ணை எழுதி வைத்துக்கொள்வார். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடி நடக்கும். பழையதைவிடக் குறைந்தால் வெளியே போய் உட்காரவேண்டியதுதான், வாரக்கணக்கில். அதற்குள் நம் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான். எனக்கு வலியைப் பற்றிப் பயமில்லை, அந்த இன்னொருவனைப் பற்றித்தான் பயம்.

முதல் வருடம் அந்த அறைக்குள் போகப்போன என்னை, என்னோடு முன்வரிசையில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மச்சான், பத்தையும் சொல்லிப்போடாதை. அஞ்சு காணும்."

"ஏன்டா? எனக்குப் பத்தும் வருமே."

"வரும், வரும். பேந்து அடிபட்ட நேரமும் பத்து வருமோ? அஞ்செண்டு எழுதி வச்சால், அஞ்சு சொன்னாலே திரும்பக் கிரவுண்டுக்குள்ள விட்டிடுவினம்."

அணியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். நானும் ஐந்து சொல்லிவிட்டு, ஆறாவதுக்கு நெற்றியைச் சொறிந்து நடித்தேன். மாதங்களில் ஆகஸ்ட்டை விழுங்கினேன். ஒற்றைக் காலில் வேண்டுமென்றே தள்ளாடினேன். வெளியே வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என்ன கெட்டிக்காரத்தனம்! நான்கு வருடமும் இதே நாடகம்.

மூன்றாவது சீசனில் ஒருவனுடைய முழங்கால் என் நெற்றிப்பொட்டில் இடித்தது. கோட்டுக்கு வெளியே உட்காரவைத்துச் சொற்களை வாசித்தார்கள். அன்றைக்கு நான் நடிக்கவில்லை. கண்ணை மூடி எவ்வளவு தேடியும் ஐந்துக்கு மேல் வரவில்லை. பிசியோ பழைய காகிதத்தைப் பார்த்தார், கணக்குச் சரியாக இருந்தது, முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டார். அந்த ஆட்டத்தின் மிச்சம் இன்றுவரை நினைவில்லை. ஜெயித்தோமாம். அடுத்த சனிக்கிழமையும் ஆடினேன். பிறகு இன்னும் இரண்டு முறை இப்படி நடந்தது. நான்காவது சீசன் முடிந்ததும், முட்டி தேய்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தலையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நான் அங்கே இருந்தபோதே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஊர் திரும்பி, தோப்பும்படியில் ஒரு ஜிம்மில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். பெரியம்மா பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பெண் பார்த்துக் கட்டி வைத்தார். மகள் இப்போது சுள்ளிக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

கடைக்குப் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பேன். ஜிம்மில் எண்ணிக்கை விட்டுப்போய் ஒருவனை முப்பது முறை எடை தூக்கவைத்தேன். அவன் முனகியதற்கு அவன் மேலேயே எரிந்து விழுந்தேன். "வீட்டுக் காரியம்னா உங்களுக்கு விளையாட்டு" என்பாள் மனைவி. அடிபட்ட தலை என்று சொன்னால், "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு. பின்னே எந்தா?" என்பாள். ஸ்கேனில் ஒன்றுமில்லைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஜிம்முக்குக் கயிறு வாங்க எறணாகுளம் பிராட்வே போய்விட்டுப் படகில் திரும்பினேன். வீட்டில் சாயா போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு மனைவி வேலை முடிந்து வந்தாள்.

"குட்டி எங்க?"

"எந்தக் குட்டி?" என்றேன்.

விரித்த குடையோடு அப்படியே திரும்பி ஓடினாள். செருப்புகூடப் போடாமல் நானும் பின்னால் ஓடினேன். மூன்றரைக்கு நான் கூட்டிவர வேண்டிய பிள்ளை, பள்ளி வாசலில் வாட்ச்மேன் சேட்டன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்பா மறந்துடும்னு நான் சேட்டன்கிட்ட சொன்னேன்" என்றாள் அம்மாவிடம்.

ஒரு வாரம் லீவு போட்டு, பிள்ளையை மனைவியே போய்க் கூட்டிவந்தாள். பிறகு சொன்னாள்: "உங்களுக்கு சுகமில்லன்னா நான் கூட நிப்பேன். அக்கறையில்லாம செய்யுறதுன்னா குட்டியைக் கூட்டிட்டுப் பாலக்காடு போயிடுவேன். எதுன்னு எனக்குத் தெரியணும்."

எறணாகுளத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். அவரும் பத்துச் சொற்களை வாசித்தார். எனக்கு ஐந்து வந்தது. அடிபடுவதற்கு முன் எழுதிய காகிதம் ஏதாவது கிடைக்குமா, ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்றார். அன்றைக்கே பழைய பிசியோவுக்கு எழுதினேன். பாவம், மனுஷன் தேடிப் படம் எடுத்து அனுப்பினார். "பார், இப்பத் தெரிஞ்சுடும்" என்று மனைவியிடம் போனை நீட்டினேன். சத்தியமாக, அந்த நாடகம் அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

மறுபடி போனபோது மருத்துவர் போனிலிருந்ததையும் தன் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வித்தியாசம் ஒண்ணும் இல்லல்லோ. அன்னைக்கும் அஞ்சு, இன்னைக்கும் அஞ்சு."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி, இது நானே எழுதவைத்த ஐந்து!

எல்லாவற்றையும் கொட்டினேன். நெற்றியைச் சொறிந்தது, ஆகஸ்ட்டை விழுங்கியது, யாழ்ப்பாணத்துக்காரன் சொன்னது. குரல் உயர்ந்துவிட்டது, வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மருத்துவர் திட்டவில்லை. போனை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அப்போ இதுக்கு விலையில்ல. முன்னே நீங்க எப்படி இருந்தீங்கன்னு எழுத்தில் ஒண்ணும் இல்ல." மனைவியிடம் திரும்பினார். "சேச்சி சொல்லுங்க. இந்த மறதி, இந்தக் கோபம், முன்னே உண்டா?"

இல்லை என்று சொல்லிவிடு, இல்லை என்று ஒரு வார்த்தை சொல் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு முன்னே உள்ள ஆளைத் தெரியாது டாக்டர்" என்றாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே என் பேரை மூணு தடவை கேட்டார். கூச்சம்னு நினைச்சு நான் சிரிச்சேன்."